டிக்கிக்கு வைத்த விளக்கு

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குச் சாயங்காலம்தான் உயிர் வரும். பகல் வேலைக்காரர்கள் வெளியே வருவார்கள், ராத்திரி வேலைக்காரர்கள் உள்ளே போவார்கள். இரண்டு கூட்டமும் தோளோடு தோள் இடித்துக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் பேன்ட் அக்காவுக்கு வியாபாரம். முன்வாசல் வழியாகப் போகிறவர்களுக்குப் பேன்ட் வேண்டுமென்றால் குளுகுளு கடை இருக்கிறது, கதவு திறந்துவிட ஆள் இருக்கிறான். பின்வாசல்காரர்களுக்குக் கடை திறந்திருக்கிற நேரத்தில் வேலை, வேலை முடிகிற நேரத்தில் கடை இல்லை. அதனால் அவள் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே நிற்பாள்.

அவள் விற்பதெல்லாம் யூனிபாரம் பேன்ட்டுதான். நர்சுக்கு வெள்ளை. காவலாளிக்குக் கருநீலம். கூட்டித் துடைக்கிற பெண்களுக்குக் கருப்பு. மாற்றிப் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கட்டடத்தில் யார் எந்தக் கதவு வழியாகப் போகலாம், யார் யாரை அதட்டலாம் என்பதெல்லாம் ஆளுடைய இடுப்புக்குக் கீழேதான் எழுதியிருக்கும். படித்தவர்கள் பார்த்துப் பார்த்து வகுத்த ஒழுங்கு.

தையல் கம்பெனியில் பல வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனியை மூடியபோது கையில் கொடுத்ததில் இந்தப் பழைய காரை வாங்கினாள். மீந்துபோன பேன்ட் கட்டுகளையும் வாங்கினாள். வண்டி அவள் பேரில் இருந்தது. ஓட்டுகிறவர் அவள் புருஷன்.

தெருவில் அவருக்கு ஐடியா என்று பேர். எதைச் சொன்னாலும் "எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். தண்ணீர் வராவிட்டால் ஒரு ஐடியா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாவிட்டால் ஒரு ஐடியா. பேர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் விசேஷ வீடுகளுக்குச் சீரியல் செட் போடுகிற காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். வேலை என்றால் ஏணி பிடிப்பது. மேலே ஏறி பல்பு மாட்டியவன் வேறொருவன். ஏணியை விட்டுவிட்டுப் பேசப் போனதில் அவன் விழுந்தான், காண்ட்ராக்டர் இவரை அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, "நானே வேலையை விட்டுட்டேன், மரியாதை இல்லாத எடம்" என்றார். அன்றிலிருந்து வெளிச்சம் என்றால் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மழைக்காலம் வந்ததும் சீக்கிரமே இருட்ட ஆரம்பித்தது. டிக்கிக்குள் கார் கம்பெனி வைத்த பல்பு ஒன்று இருந்தது. இடது மூலையில், பீடி நுனி மாதிரி. அது எரிகிறதா என்று பார்க்கவே இன்னொரு விளக்கு வேண்டும். அவள் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அளவு தேடுவாள். வாயில் டார்ச் இருந்தால் பேச முடியாது. பேசாமல் வியாபாரம் நடக்காது. கருநீலத்தை இடது பக்கமும் கருப்பை வலது பக்கமும் கயிறு போட்டுத் தனித்தனிக் கட்டாக வைத்திருந்ததால் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் துப்புரவுப் பெண்களின் சூப்பர்வைசர் அம்மா ஒரு நாள் டிக்கி முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் யாரையும் நம்பாத பார்வை.

"என் ஆளுங்க எல்லாருக்கும் கருப்பு வேணும். இந்த வாரம் பாதிப் பேருக்கு எடுத்துக்கறேன். சரியா இருந்தா மிச்சமும் ஒங்கிட்டதான், இனிமே எப்பவும் ஒங்கிட்டதான். சொதப்புனா இந்தப் பக்கம் நிக்கவே விடமாட்டேன்."

"சொதப்ப மாட்டேன் மேடம்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

இந்தச் சரக்கு போனால் அவள் காலூன்றிவிடலாம். போகாவிட்டால் அண்ணனுடைய துணிக்கடைதான். கம்பெனி மூடின புதிதில் கொஞ்ச நாள் அங்கே இருந்திருக்கிறாள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதையெல்லாம் தரையில் உட்கார்ந்து மடிக்கிற வேலை. அண்ணி மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. பாவம்" என்பாள். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பாவத்தைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை.

"டிக்கிக்கு நல்ல வெள்ளை லைட்டா ஒண்ணு போடணுங்க. துணி கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்" என்று புருஷனிடம் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்றார் அவர்.

மறுநாள் இருவரும் ஃப்யூஸ் கடைக்குப் போனார்கள். ஃப்யூஸ் என்பது வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறவனின் பேர். தகரக் கொட்டகை, கிழிந்த தார்ப்பாய், எண்ணெய் ஊறிய மண். மழை தார்ப்பாய் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. ஃப்யூஸ் தேநீரில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தான். யார் சொன்னதையும் மறுத்துப் பேசாதவன் என்று அவனுக்கு நல்ல பேர் உண்டு. அது பணிவு இல்லை. மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டும், அதற்குச் சோம்பல்.

ஐடியா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார்.

"என்னங்க அது?"

"கலர் ஸ்ட்ரிப். பதினாறு கலர் மாறும். பாரு, ரிமோட்."

"எனக்கு ஒரு கலர் போதுமே. வெள்ளைன்னுதான சொன்னேன்?"

"வெள்ளையும் இதுல இருக்கு. மிச்ச பதினஞ்சும் சும்மா வருது. சும்மா வர்றத வேணாம்னு சொல்ற ஒரே ஆளு நீதான்."

அவள் ஃப்யூஸைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லுப்பா. இதுல துணி கலர் சரியாத் தெரியுமா?"

ஃப்யூஸ் பன்னை மென்று முடித்தான். "அண்ணன் பாத்து வாங்கியிருக்காரு. நல்லாத்தான் இருக்கும்க்கா."

டிக்கியின் உள்பக்க பிளாஸ்டிக் தகட்டை நெம்பிக் கழற்றினான். இரண்டு கிளிப் உடைந்தன. உடைந்ததைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பழைய பல்புக்கு வருகிற ஒயரைச் சுரண்டி அதிலேயே புதுசை முறுக்கினான், டிக்கி திறந்தால் எரியும், மூடினால் அணையும். எர்த்தைப் பக்கத்துப் போல்டில் கொடுத்தான். கை என்னவோ சரியாகத்தான் வேலை செய்தது. ஸ்ட்ரிப்பை எங்கே ஒட்டுவது என்பதில்தான் சண்டை வந்தது.

"மேல ஒட்டுங்க. வெளிச்சம் துணி மேல விழணும்" என்றாள் அவள்.

"ஓரத்துல ஒட்டு. சுத்திவர. வெளிய பாத்த மாதிரி" என்றார் அவர்.

"வெளிய பாத்தா என் கண்ணுலதான குத்தும்?"

"அடடா, லைட்டுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா? நான் எத்தன மண்டபத்துக்குப் போட்டிருக்கேன். தூரத்துல வர்றவன் கண்ணைப் புடிச்சு இழுக்கணும். அதுக்குப் பேருதான் லைட்."

"இழுத்துட்டு வந்து? பக்கத்துல வந்ததும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவானா?"

ஃப்யூஸ் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினான்.

"தம்பி முன்னால என்னைக் கேவலப்படுத்தற" என்றார் ஐடியா. போய் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். வண்டிச் சாவியை விரலில் போட்டுச் சுற்றினார். "சரி. உன் இஷ்டப்படியே போட்டுக்கோ. வண்டிய நீயே ஓட்டிக்கிட்டும் போ."

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவருடைய மொத்த மரியாதையும் அந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் அடிக்கடி எடுத்துக் காட்டுவார். பின்வாசல் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஓரத்துலயே ஒட்டுப்பா" என்றாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது ஃப்யூஸின் அலமாரியில் நீளமான வெள்ளை விளக்கு ஒன்றைப் பார்த்தாள். "இது என்னப்பா?"

"அது வேன் உள்ள போடறதுக்கு, அக்கா. துணி எடுத்துட்டுப் போற வண்டிக்காரங்க வாங்குவாங்க. கலர் அப்படியே தெரியும்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே."

அன்றைக்குச் சாயங்காலம் டிக்கி திறந்ததும் பின்வாசல் தெரு ஊதாவானது. தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரும் ஊதா, காவலாளியின் மீசையும் ஊதா. வேலை முடிந்து தலை தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஐடியா ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்து வைத்துக்கொண்டு பச்சை, சிவப்பு, ஊதா என்று மாற்றினார். எதுவும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டார். மனுஷன் ஒருவன் இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

"என்னக்கா, பேன்ட் விக்கிறீங்களா, டான்ஸ் ஆடப் போறீங்களா?" என்றான் காவலாளி.

"ரெண்டும் இல்லப்பா. பைத்தியம் புடிச்சு நிக்கிறேன்."

அப்போதுதான் டிக்கியைக் குனிந்து பார்த்தாள். கயிறுகளைக் காணோம். இரண்டு கட்டும் பிரிக்கப்பட்டு, பேன்ட்டுகள் எல்லாம் விசிறி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஃப்யூஸ் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி அவள் முகம் கழுவப் போன நேரத்தில், சரக்கை ஏற்றுகிறேன் என்று அவர் செய்த வேலை.

"கயிறு எங்கங்க? தனித்தனியாக் கட்டி வெச்சிருந்தேனே?"

"கயிறு போட்டாக் குப்பை மூட்டை மாதிரி இருக்கு. இது எப்படி, ஷோரூம் மாதிரி இல்ல?"

"நீலத்தையும் கருப்பையும் கலந்துட்டீங்களா?"

"எது நீலம்? எல்லாம் கருப்புதான். நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். ஊதா வெளிச்சத்தில் எல்லாம் கருப்புதான். "வெள்ளையில வைங்க" என்றாள். அவர் சலித்துக்கொண்டே அழுத்தினார். அளவில்லாமல் நீலம் போட்டு அலசின துணி மாதிரி ஒரு வெள்ளை வந்தது. அதிலும் எல்லாம் கருப்புதான். ஒரே துணி, ஒரே தையல், கை வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டாள். "சீக்கிரம். பஸ் போயிடும்."

பேன்ட் அக்கா நாலைந்து பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு, நிறம் பார்க்கக் கேட் விளக்கடிக்கு நடந்தாள். பின்னாலிருந்து புருஷன் சத்தம் போட்டார். "எங்க ஓடற? கஸ்டமரை நிக்க வெச்சிட்டுச் சரக்கைத் தூக்கிக்கிட்டு ஓடற மொதலாளிய இன்னைக்குத்தான் பாக்கறேன்! மேடம், இவளுக்குப் பதட்டம் ஜாஸ்தி. நான் அடுக்குனது, நான் சொல்றேன். எல்லாம் கருப்புதான்."

கூட்டம் சிரித்தது. சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவள் திரும்பி வந்தாள். அவர் சொன்னதை நம்பி வரவில்லை. வெட்கப்பட்டு வந்தாள். அளவைப் பார்த்து எடுத்து மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். "பாத்தியா கூட்டத்த? இதே மாதிரி மேல ஒரு போர்டு வெச்சு, அதையும் மின்ன விட்டா..." அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் சூப்பர்வைசர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "நேர்ல வா" என்ற ஒரே வார்த்தை. போனார்கள். அவரும் கூட வந்தார், வேண்டாம் என்று சொல்லியும்.

மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. துணி துவைக்கிற கொட்டடிக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கருப்பு, ஒருத்தி கருநீலம், இரண்டு பேர் கருப்பு, மூன்று பேர் கருநீலம். அந்தப் பக்கம் போன காவலாளிகள் கருநீலக்காரிகளைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். அதில் வயதான ஒருத்தி துடைப்பத்தைத் தோளில் சாய்த்துத் திருப்பி ஒரு சல்யூட் அடித்தாள்.

"கையக் கீழ எறக்கு" என்றாள் சூப்பர்வைசர் அம்மா. பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "என்னம்மா இது? என் ஆளுங்கள கேட்டுக்குக் காவல் வெக்கப் போறியா?"

"தப்புதான் மேடம்."

"மேடம், நான் சொல்றேன்" என்று ஐடியா முன்னால் வந்தார். "நேத்து லைட்டுல பாத்தப்போ எல்லாம் கருப்பாத்தான் இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க. வெயில்ல பாக்கறதுனாலதான் இந்தப் பிரச்சினையே."

அந்த அம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். மெதுவாகப் பார்த்தாள்.

"அப்போ ஒண்ணு பண்ணு. ஒன் லைட்ட என் ஆஸ்பத்திரி முழுக்க மாட்டிடு. சூரியனையும் கழட்டி வெச்சிடு. அப்பறம் என் ஆளுங்க இதையே போட்டுக்கட்டும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐடியாவுக்குக் கோபம் வந்தது. "படிக்காத ஜனங்ககிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். அவர் எவ்வளவு படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் மட்டும் நின்றாள்.

"மேடம், நாளைக்குப் பகல்ல வர்றேன். வெயில்லயே வெச்சுப் பாருங்க. ஒண்ணு மாறியிருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அப்பறம் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சூப்பர்வைசர் அம்மா சாவிக்கொத்தை உருட்டினாள். "நீ வா. அந்த ஆளு வரக் கூடாது. அந்த ஊதா வண்டியும் வரக் கூடாது. கண்ணுல பட்டுச்சு, கேட்டோட அனுப்பிடுவேன்."

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன். மனசே கேக்கல."

"யாரு சொன்னா அண்ணி?"

அண்ணி ஐடியாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றார். "ஒன் நல்லதுக்குத்தான். கடையில ஒனக்கு எடம் இருக்கான்னு கேட்டேன். மாசாமாசம் ஒழுங்கா வரும். எனக்கும் டிக்கி லைட் வேலையையே வெளிய எடுத்துச் செய்யலாம்னு ஒரு ஐடியா..."

அவள் தட்டில் ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவரைத் திட்டுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள்மேல் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"நாளைலேர்ந்து வந்துடு. மடிக்கிற வேலைதான். பாவம், நீயும் எத்தனை நாள்தான் தெருவுல நிப்ப?"

"அண்ணி, ஒங்க கடையில கருப்புப் பேன்ட் இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"எனக்குக் கொறஞ்சா வாங்கிக்கிறேன். மொத்த வெலைக்குப் போட்டுக் குடுங்க. மடிக்க வேணாம், நானே மடிச்சுக்கறேன்."

கொடுத்த தேநீரைக் குடிக்காமல் அண்ணி எழுந்து போனாள்.

விடிந்ததும் பேன்ட் அக்கா டிக்கியிலிருந்து அத்தனை பேன்ட்டையும் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்து, நீலத்தை ஒரு பக்கம், கருப்பை ஒரு பக்கம் போட்டாள். முதுகு விட்டுப்போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, வெயிலால். புருஷன் படியேறி வந்து பாதியில் நின்றார்.

"வேணும்னா லைட்டக் கழட்டிடவா?"

"வேணாம். இருக்கட்டும்."

"இல்ல, ஒனக்குக் கோபமான்னு..."

"நகருங்க. நெழல் விழுது."

இரண்டு பெரிய பைகளோடு பஸ்ஸில் போனாள். கொட்டடி முற்றத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்துக் கீழே போட்டாள். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். சல்யூட் அடித்தவளுக்கு மட்டும் நீலத்தைக் கழற்ற மனசே இல்லை. "ரெண்டு நாளா எல்லாப் பயலும் வழி விட்டான்" என்றாள். எல்லாம் முடிய வெயில் சாய்ந்துவிட்டது.

"மிச்சப் பேருக்கும் கொண்டா. பகல்லயே. உள்ள வந்துரு, தெருவுல நிக்காத" என்றாள் சூப்பர்வைசர் அம்மா. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வாயிலிருந்து வராது.

அவள் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கமான இடத்தில் அவளுடைய கார் நின்றது. டிக்கி அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு துணி இல்லை. காலி டிக்கியைச் சுற்றி ஊதா, பிறகு பச்சை, பிறகு சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை ஆட்கள் நாலைந்து பேர் அதன் முன்னால் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடியா ரிமோட்டை இப்போது மறைக்கவில்லை, உயர்த்திப் பிடித்திருந்தார்.

"சரக்கு எங்கண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

"சரக்கெல்லாம் யாரு வேணா விக்கலாம்பா. நீ லைட்டப் பாரு."

அவர் அவளைப் பார்த்துவிட்டார். "ஏய், இங்க, இங்க!" என்று கையை ஆட்டினார். அவளுக்காக டிக்கியைக் கண் சிமிட்டுகிற மாதிரி வேகமாக மின்ன விட்டார். பஸ் வந்து நின்றது. அவள் காலிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பி வந்த நீலப் பேன்ட்டுகள் கிடந்த இன்னொரு பையோடு ஏறினாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த நர்சு ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஒங்க வண்டிதானக்கா? அந்த லைட்டு..."

"வண்டி என்னோடது. லைட்டு அவரோடது."

நர்சு சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தாள். அவள் குனிந்து நர்சின் முழங்கால் பக்கம் பழுப்பேறிக் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளை இப்படி மஞ்சளாப் போச்சே. இடுப்பு என்ன அளவும்மா ஒனக்கு?"